பிள்ளையை வீட்டில் தனியாக விடலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

விடுமுறை நெருங்கினால் இந்தப் பகுதிக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். பாட்டி ஊருக்குப் போய்விட்டார், வேலைக்காரம்மா நின்றுவிட்டார், அலுவலகத்தில் லீவு கிடைக்கவில்லை. பிள்ளையை என்ன செய்வது? வந்தவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் விரிவாகப் பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. மூன்றரைக்குப் பள்ளி விட்டு வேன் வாசலிலேயே இறக்கிவிடும். நான் ஆபீஸிலிருந்து வர ஆறரை ஆகிவிடுகிறது. இதுவரை பார்த்துக்கொண்ட மாமியார் இனி ஊரில்தான் இருப்பார். சமர்த்துப் பெண், சொன்னால் சொன்னபடி இருப்பாள். சாவியைக் கொடுத்துவிடலாமா? எந்த வயதிலிருந்து தனியாக விடலாம் என்று சட்டம் ஏதாவது இருக்கிறதா?
(வாசகி, மேடவாக்கம்)

பதில்: முதலில் சட்டம். இத்தனை வயதுக்குக் கீழ் தனியாக விடக்கூடாது என்று வயதைச் சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. அதற்காக என்ன நடந்தாலும் கேள்வி வராது என்று நினைக்க வேண்டாம். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் 75-ஆவது பிரிவு, பொறுப்பில் இருக்கும் குழந்தையை வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டு, அதனால் உடலுக்கோ மனதுக்கோ துன்பம் வரக்கூடும் என்றால் அது குற்றம் என்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்ச ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை அடியோடு கைவிடும் நோக்கத்தில் விட்டுச் செல்வது வேறு குற்றம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 93-ஆவது பிரிவில் அதற்கு ஏழு ஆண்டு வரை தண்டனை. உங்கள் நிலைமை அதில் வராது. ஆனால் முதலில் சொன்ன 75-ஆவது பிரிவை மனதில் வையுங்கள்.

உங்கள் மகளைப் பற்றி: எட்டு வயதில், தினமும் மூன்று மணி நேரம், வேண்டாம். சமர்த்து என்பது இதற்குப் போதாது. சொன்னபடி இருக்கும் பிள்ளைக்குச் சொல்லாத ஒன்று நடந்தால்தான் சிக்கல். மின்சாரம் போகிறது, சாவி உடைகிறது, குழாய் மூடமாட்டேன் என்கிறது, எதிர்வீட்டில் புகை வருகிறது. எட்டு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் அந்த நேரத்தில் உறைந்து நிற்பார்கள், அல்லது அம்மா திட்டுவாளோ என்று தாங்களே சரிசெய்யப் பார்ப்பார்கள். இரண்டாவதுதான் அதிக ஆபத்து.

சட்டம் வயது சொல்லாததால் நாங்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு இது. ஏழு வயது வரை பத்து நிமிடம்கூடத் தனியாக வேண்டாம். எட்டு, ஒன்பதில் நீங்கள் அதே கட்டடத்தில் இருக்கும்போது பத்துப் பதினைந்து நிமிடம். பத்து, பதினொன்றில் பகல் நேரத்தில் அரை மணியிலிருந்து ஒரு மணி. பன்னிரண்டு தாண்டி, பழக்கியிருந்தால், இரண்டு மூன்று மணி நேரம். இரவு முழுக்கத் தனியாக என்றால் பதினாறுக்கு முன் பேச்சே இல்லை. இதில் ஒவ்வொரு படிக்கும் ஒரு நிபந்தனை உண்டு: கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் கதவைத் தட்டக்கூடிய பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் யார் என்று உங்களால் பெயர் சொல்ல முடியவில்லை என்றால், பிள்ளைக்குப் பதினான்கு வயது ஆனாலும் ஏற்பாடு முழுமையாகவில்லை.

பிள்ளை தயாரா என்று பார்க்க, 'தீப்பிடித்தால் என்ன செய்வாய்?' என்று கேட்பதில் பயனில்லை. எல்லாப் பிள்ளையும் சரியான பதில் சொல்லும். செய்ய வைத்துப் பாருங்கள். சாவியைக் கொடுத்துவிட்டு நீங்கள் மாடிப்படித் திருப்பத்தில் நில்லுங்கள். முதுகில் மூட்டை, கையில் தண்ணீர் பாட்டில், சாவியோ பைக்கு அடியில். மழைக்காலத்தில் மரக்கதவு உப்பியிருந்தால், தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் சாவியைத் திருப்ப வேண்டும். அது உங்கள் கைக்குப் பழக்கம், அவள் கைக்கு இல்லை. திறந்து உள்ளே போனபின் சாவி வெளியே தொங்குகிறதா என்று பாருங்கள். முதல் சில தடவை பெரும்பாலும் தொங்கும்.

அடுத்தது போன். உங்கள் ஸ்மார்ட்போனில் படத்தைத் தொட்டு அப்பாவைக் கூப்பிடத் தெரிந்த பிள்ளைக்கு அப்பாவின் எண் தெரியாது. இரண்டு எண்களை மனப்பாடம் செய்ய வையுங்கள். வீட்டில் ஒரு பட்டன் போன் வாங்கி, ஒரே இடத்தில், எப்போதும் சார்ஜில் வையுங்கள். அவசர உதவி எண்ணான 112-க்குப் பேசுவதுபோல் உங்களிடம் முகவரி சொல்லச் சொல்லுங்கள். 'பச்சை கேட் வீடு' என்று வந்தால் பயிற்சி போதவில்லை. கதவு எண், தளம், தெரு, பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கோயிலோ கடையோ, ஊர். இந்த வரிசையில் தடுமாறாமல் வர வேண்டும்.

அதுவரை மூன்றரையிலிருந்து ஆறரைக்கு வழி? அதே கட்டடத்தில் வீட்டிலிருக்கும் ஒரு அக்காவிடமோ பாட்டியிடமோ மாதம் இவ்வளவு என்று பேசி ஒப்படையுங்கள். இலவசமாகக் கேட்டால் ஒரு மாதத்தில் முகம் சுளிக்கும். பணம் கொடுத்தால் நீங்களும் கேள்வி கேட்கலாம். பள்ளியிலேயே மாலை வகுப்பு இருந்தால் இன்னும் நல்லது. ஹிந்தி டியூஷன், பாட்டு கிளாஸ் என்ற பெயரில் பாதி ஊர் செய்துகொள்வது இந்த ஏற்பாடுதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: நானும் மனைவியும் பனியன் கம்பெனியில் வேலை. பையனுக்குப் பத்து வயது, பாப்பாவுக்கு ஆறு. ஓவர்டைம் இருந்தால் வர எட்டரை ஆகும். பிள்ளைகள் தெருவுக்குப் போய்விடக்கூடாது என்று வெளியில் பூட்டுப் போட்டுவிட்டுப் போகிறோம். உள்ளே டிவி, சாப்பாடு எல்லாம் இருக்கிறது. ஹவுஸ் ஓனர் அம்மா இது தப்பு என்கிறார். என்ன தப்பு?
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: ஹவுஸ் ஓனர் அம்மா சொல்வதுதான் சரி. வெளியே பூட்டினால் திருடன் உள்ளே வரமாட்டான், பிள்ளையும் தெருவுக்குப் போகாது. ஆனால் உள்ளே புகை சூழ்ந்தால் அவர்களால் வெளியே வர முடியாது. ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்கும் லைன் வீடு என்றால் அந்த ஒரு கதவைத் தவிர வழியே இல்லை. புகை மேலே தேங்கி மெல்ல மெல்லக் கீழே இறங்கும். சிறு பிள்ளைகள் பயந்தால் வாசலுக்கு ஓடாமல் கட்டிலுக்கடியிலும் பீரோ சந்திலும் ஒளிந்துகொள்வார்கள். அக்கம்பக்கத்தார் ஓடி வந்தாலும் பூட்டை உடைக்கக் கடப்பாரை தேடும் நேரத்தில் காரியம் மிஞ்சிவிடும்.

கதவை இப்படி மாற்றுங்கள். நைட் லாட்ச் என்று ஹார்டுவேர் கடையில் கேட்டால் தருவார்கள். இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து சாவி இல்லாமல் திறக்காது, உள்ளிருந்து குமிழைத் திருப்பினால் திறக்கும். வாங்கும்போது உள்பக்கமும் சாவி போட்டுப் பூட்டுகிற வகையைத் தவிருங்கள். உள்ளே கூடுதல் நிறுத்தத்துக்கு ஒரு சின்னக் குமிழோ பட்டனோ இருக்கும். அதைப் பிள்ளை தெரியாமல் தள்ளிவிட்டால் வெளியிலிருந்து உங்கள் சாவியும் வேலை செய்யாது. கடைக்காரரிடமே அதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஆறு வயதுப் பாப்பா ஸ்டூல் போடாமல் குமிழை எட்டித் திருப்ப முடிகிறதா என்று பார்த்துத்தான் தச்சரை ஆணியடிக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது சாவி ஹவுஸ் ஓனர் அம்மாவிடம். கதவின் மேலே கீழே இருக்கும் தாழ்ப்பாள்களைப் போடக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். போட்டுவிட்டால் அந்த இரண்டாவது சாவியால் பயனில்லை.

இத்தனை செய்தாலும் உங்கள் ஏற்பாட்டில் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. பத்து வயதுப் பையன் தன்னைப் பார்த்துக்கொள்வது ஒன்று, ஆறு வயதுத் தங்கையைப் பார்த்துக்கொள்வது வேறு. அவன் சொன்னால் அவள் கேட்கமாட்டாள். கேட்காவிட்டால் அவன் அடிப்பான், அல்லது விட்டுவிட்டு டிவி பார்ப்பான். அவள் கீழே விழுந்தால் குற்றம் அவன் தலையில் விழும். அந்தப் பயத்தில் உங்களிடம் மறைப்பான். தங்கை தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பதின்மூன்று, பதினான்குக்கு முன் தராதீர்கள். அப்போதும் குளிப்பாட்டுவது, அடுப்புப் பற்றவைப்பது, வேர்க்கடலை ஊட்டுவது இவையெல்லாம் அந்தப் பொறுப்பில் கிடையாது.

இரவு எட்டரை வரை இருவருக்கும் ஓவர்டைம் என்றால், ஒருவருக்கு மட்டும் இருக்கும்படி சூப்பர்வைசரிடம் கேளுங்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் திருத்தம் வந்தது. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கவும் அனுமதி உண்டு. இருக்கிறதா, எந்த வயது வரை சேர்ப்பார்கள் என்று உங்கள் மனைவி நிர்வாகத்திடம் கேட்கலாம். அது அமையாவிட்டால் லைன் வீட்டில் நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு பெரியம்மாவுக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவருவது.

கேள்வி: இரண்டரை வயது மகன். மதியம் நன்றாகத் தூங்குவான். அந்த நேரத்தில் மொட்டை மாடியில் துணி காயப்போடுவதும், கீழே கடைக்குப் போய்ப் பால் வாங்குவதும் வழக்கம். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. தூளியில்தான் கிடக்கிறான், எழுந்தாலும் இறங்க முடியாதே?
(வாசகி, மதுரை)

பதில்: இரண்டரை வயதில் தூளியிலிருந்து இறங்க முயல்வான்; அதுதான் பயம். எழுந்து நின்று முறுக்கினால் சேலை கயிறாகத் திரும்பும். தூளிச் சேலை கழுத்தில் சுற்றிப் பிள்ளைகள் இறந்த சம்பவங்கள் நம் ஊரில் திரும்பத் திரும்ப நடக்கின்றன. அவற்றில் பல, உள்ளே தூங்கிய கைக்குழந்தைக்கு நேர்ந்தவை அல்ல. காலித் தூளியில் சுற்றி விளையாடிய எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நேர்ந்தவை. தூளி காலியானதும் கொக்கியிலிருந்து கழற்றி மடித்து வைத்துவிடுங்கள். இரண்டரை வயதுக்காரனுக்கு இனி பாய் போதும்.

பத்து நிமிடத்தில் என்ன ஆகிவிடும்? இந்த வயதில் தண்ணீர்தான் முதல் எதிரி. பாத்ரூம் வாளியில் அரையடித் தண்ணீர் இருந்தாலே போதும். உள்ளே மிதக்கும் மக்கை எடுக்கக் குனிவான். இந்த வயதில் உடலின் எடையில் பெரும்பங்கு தலையிலும் மார்பிலும் இருப்பதால் கவிழ்ந்தால் நிமிர முடியாது. சத்தமும் வராது. தண்ணீர் வராத ஊரில் டிரம்மில் பிடித்து வைக்காமல் இருக்க முடியாதுதான். ஆனால் டிரம்முக்கு அழுத்தி மூடும் மூடி வேண்டும். வாளிகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கம், உங்கள் தோள் உயரத்தில் ஒரு கொண்டி வேண்டும். தரைத்தொட்டி மூடிக்குப் பூட்டு வேண்டும்.

பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலி இருந்தால் உள்ளே எடுத்துவிடுங்கள். கைப்பிடிச் சுவர் எத்தனை உயரம் என்றாலும், பக்கத்தில் ஏறிக்கொள்ள ஒன்று இருந்தால் உயரம் கணக்கில் வராது. கம்பிகளுக்கு இடையே பத்து சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் வலை கட்டுங்கள்.

இன்னொன்று, அவன் உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்வது. நீங்கள் வெளியே, அவன் உள்ளே, அடுப்பில் ஏதோ கொதிக்கிறது. இது நடந்தால் கதவை இடித்துப் பயமுறுத்தாதீர்கள். இடித்தால் அழுதுகொண்டே உள்ளே ஓடிவிடுவான். ஒருவர் கதவருகே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இன்னொருவர் ஜன்னல் வழியே பார்க்க வேண்டும். போட்ட தாழ்ப்பாளை எடுக்கச் சொல்லித்தர முடியுமா என்று சில நிமிடம் பார்க்கலாம். அடுப்பு எரிகிறது, தண்ணீர் திறந்திருக்கிறது என்றால் காத்திருக்காமல் தீயணைப்புத் துறையின் 101-ஐ அழையுங்கள். அவர்கள் இதற்கும் வருவார்கள். பிள்ளை இப்படித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளாமல் தடுக்க வழி எளிது: குழந்தைக்கு எட்டும் உயரத்திலுள்ள டவர் போல்ட்டுகளை எல்லாம் இன்றே ஸ்க்ரூடிரைவரால் கழற்றி எடுங்கள். ஒரு கதவுக்குப் பத்து நிமிட வேலை.

துணி காயப்போடும்போது அவனையும் தூக்கிக்கொண்டு போங்கள். தூங்கினால் துணி காத்திருக்கட்டும்.

கேள்வி: பன்னிரண்டு வயது மகன் விடுமுறையில் மதியம் தனியாக இருப்பான். தானே தோசை சுட்டுக்கொள்கிறேன் என்கிறான். நான் இருக்கும்போது நன்றாகவே சுடுகிறான். கேஸ் அடுப்பை நம்பி விடலாமா?
(வாசகர், கோவை)

பதில்: நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது சுடட்டும், கற்றுக்கொள்ள வேண்டியதுதான். தனியாக இருக்கும் நாளில் கேஸ் வேண்டாம். தோசை சுடுவதில் சிக்கல் இல்லை. நடுவில் போன் வரும், வாசலில் மணி அடிக்கும், கிரிக்கெட்டில் விக்கெட் விழும், அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். பெரியவர்களுக்கே நடப்பதுதான், ஆனால் கல் புகைந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குக் கை பழகியிருக்கும்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது அடுப்புத் திருகு மட்டும் அணைத்தால் போதாது, சிலிண்டர் மேல் ரெகுலேட்டரையும் அணையுங்கள். ரப்பர் குழாய் ஐந்தாண்டுக்கு மேல் வேண்டாம். அதன் மேலேயே ஆண்டு அச்சிட்டிருக்கும், பாருங்கள். கசிவு வந்தால் செய்ய வேண்டியதை அவனுக்கு வரிசையாகச் சொல்லித்தாருங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு பரவித் தேங்கும். அதனால் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போய்விடும் என்பது இரட்டைத் தப்பு. எந்த சுவிட்சையும் தொடக்கூடாது, போடவும் கூடாது, எரிகிற லைட்டை அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி வரும். கைக்கு எட்டினால் ரெகுலேட்டரை அணை, போகிற வழியில் கதவு ஜன்னலைத் திற, வெளியே வா, பக்கத்து வீட்டிலிருந்து போன் செய். கேஸ் கசிவுக்கான எண் 1906, இருபத்து நான்கு மணி நேரமும். வீட்டுக்குள் நின்று செல்போனில் பேசக்கூடாது. பெரியவர் வரும்வரை திரும்ப உள்ளே போகக்கூடாது, நாய்க்குட்டி உள்ளே இருந்தாலும்.

எண்ணெய் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பதை எல்லாப் பிள்ளைக்கும் சொல்லி வைக்க வேண்டும். கொதிக்கும் எண்ணெய்க்கு அடியில் போன தண்ணீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை மேலே வீசும். அடுப்பை அணைத்து மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூட வேண்டும். அதுவும் அருகில் போக முடிந்தால்தான். முடியாவிட்டால் வெளியே ஓடி வரட்டும்.

மதியச் சாப்பாட்டுக்குத் தயிர்சாதம் பிசைந்து வையுங்கள். சூடாகத்தான் வேண்டும் என்றால் மைக்ரோவேவ் பரவாயில்லை, தானாக நின்றுவிடும். எவர்சில்வர் கிண்ணத்தை உள்ளே வைக்கக்கூடாது என்று மட்டும் சொல்லுங்கள். வாளியில் போடும் ஹீட்டர் ராடு இருந்தால் அதைப் பூட்டி வையுங்கள். வீட்டில் மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவு மின்தடுப்பி இருக்கிறதா, அதிலுள்ள 'டெஸ்ட்' பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஹாலில் கேமரா வைத்து அலுவலகத்திலிருந்து போனில் பார்த்துக்கொண்டால் ஒன்பது வயதுப் பிள்ளையை விடலாமா?
(வாசகி, வேளச்சேரி)

பதில்: கேமரா காட்டும், கதவைத் திறக்காது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் உட்கார்ந்து பார்ப்பதில் உங்களுக்குப் பதற்றம்தான் மிச்சம். மின்சாரம் போனால் வைஃபையும் போய் அதுவும் நின்றுவிடும். ஐந்து நிமிடத்தில் வரக்கூடியவர் இருந்தால் கேமரா கூடுதல் உதவி. பெட்ரூமில் வைக்காதீர்கள், எங்கே வைத்தாலும் அதன் பாஸ்வேர்டை வாங்கியபடியே விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மகள் ஏழாம் வகுப்பு. மாலையில் ஒன்றரை மணி நேரம் தனியாக இருக்கிறாள். கூரியர், இ.பி. ரீடிங் எடுப்பவர், சொந்தக்காரர்கள் என்று யாராவது வருகிறார்கள். என்ன சொல்லிப் பழக்க வேண்டும்?
(வாசகி, திருச்சி)

பதில்: தனியாக இருக்கும்போது கதவு திறப்பதில்லை. விதி அவ்வளவுதான், ஆளைப் பார்த்து மாறாது. லென்ஸ் வழியாகப் பார்க்கலாம், பதில் சொல்லாமலே இருக்கலாம். பதில் சொல்வதானால் 'அம்மா குளிச்சிட்டிருக்காங்க, அப்புறம் வாங்க' போதும். 'வீட்டில் யாரும் இல்லை' என்ற சொல் வாயில் வரக்கூடாது. பொருளைப் பக்கத்து வீட்டிலோ காவலாளியிடமோ கொடுக்கச் சொல்லலாம். அந்த நேரத்துக்கு டெலிவரி வரும்படி நீங்களே ஆர்டர் போட்டுவிட்டு, ஓடிபி எண்ணையும் அவளுக்கே அனுப்பாதீர்கள். பல வீடுகளில் விதியை முதலில் உடைப்பவர் அப்பாதான்.

சொந்தக்காரர்கள் விஷயத்தில் பெற்றோர் தயங்குவார்கள், 'மாமாவை வாசலில் நிறுத்துவதா?' என்று. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகளில் குற்றம் சாட்டப்படுபவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். அதனால் அறிமுகமானவருக்கும் விதி ஒன்றே. விலக்கு வேண்டுமானால் இரண்டோ மூன்றோ பேரின் பட்டியலை நீங்களும் அவளும் சேர்ந்து எழுதுங்கள், கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். அதில் அவள் 'இவர் வேண்டாம்' என்று ஒரு பெயரைச் சொன்னால் ஏன் என்று குடைய வேண்டாம், அடித்துவிடுங்கள். பிறகு பொறுமையாகப் பேசுங்கள். மற்ற உறவினர்களுக்கு நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்: 'நாங்க இல்லாதப்ப பாப்பா கதவு திறக்கமாட்டா, கோவிச்சுக்காதீங்க.' பழியை உங்கள் மேல் போட்டுக்கொண்டால் பிள்ளைக்கு மறுப்பது எளிது. உங்களிடம் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லவும் ஓர் எண் தெரிந்திருக்கட்டும்: குழந்தைகள் உதவி எண் 1098.

கேள்வி: முதலுதவிப் பெட்டியைப் பிள்ளைக்கு எட்டும்படி வைப்பதா, பூட்டி வைப்பதா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இரண்டு பெட்டியாகப் பிரியுங்கள். ஒட்டும் பிளாஸ்டர், பஞ்சு, காஸ் துணி, இவை எட்டும் இடத்தில். வாயில் போடும் எதுவும் பூட்டில். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு, கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரையையும் பூட்டுங்கள். மிட்டாய்போல் இருக்கும் அது சிறு குழந்தைக்குச் சில மாத்திரையிலேயே உயிருக்கு ஆபத்து.

பூட்டத் தோன்றாத சில இன்னும் மோசம். பூஜை அறைக் கற்பூரத்தைச் சின்னப் பிள்ளை தின்றால் சற்று நேரத்திலேயே வலிப்பு வரலாம். ரிமோட்டிலும் கார் சாவியிலும் இருக்கும் வட்ட பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும். வலி இல்லை, சாப்பிடுகிறான் என்று காத்திருக்கக்கூடாது. எலி மருந்துப் பசை முதல் நாள் ஒன்றும் செய்யாததுபோல் இருக்கும், இரண்டு மூன்று நாளில் கல்லீரலைக் கெடுக்கும். பேசாமல் வீட்டில் வாங்கவே வாங்காதீர்கள். மண்ணெண்ணெய், ஆசிட் போன்றவற்றைக் குடித்தால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது. செய்யாதீர்கள். மண்ணெண்ணெய் திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் போய்விடும். ஆசிட் போன வழியை இரண்டாம் முறை எரிக்கும். டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108.

வலிப்பு நோயோ கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமாவோ உள்ள பிள்ளைக்கு இந்த இதழில் சொன்ன வயதுக் கணக்கு எதுவும் பொருந்தாது. மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். ஒன்பது வயது மகனை வீட்டில் விட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனால் போலீஸ் வருமா? ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா பயப்படுகிறார்.
(வாசகி, ஈஸ்ட்ஹாம்)

பதில்: அங்கும் சட்டத்தில் வயது எழுதப்படவில்லை. ஆனால் ஆபத்து வரும்படி தனியாக விடுவது குற்றம். பதினாறு வயதுக்குட்பட்டோரைக் கவனிக்காமல் விடுவதை 1933-ஆம் ஆண்டின் சிறார் சட்டமே தண்டிக்கிறது. என்.எஸ்.பி.சி.சி. என்ற குழந்தைகள் நல அமைப்பின் அறிவுரையில், பன்னிரண்டுக்குக் கீழ் நீண்ட நேரம் தனியாக இருக்கும் முதிர்ச்சி அரிது, பதினாறுக்குக் கீழ் இரவு முழுக்க விடக்கூடாது என்று இருக்கிறது. உங்கள் அம்மா இருக்கும் நாட்களில் அவரே வீட்டில் இருக்கட்டும், கேள்வியே எழாது. 999-ஐ அழைத்து ஆங்கிலத்தில் முகவரியும் அஞ்சல் குறியீடும் சொல்ல அவருக்கும் ஒருமுறை பழக்கிவிடுங்கள்.

கேள்வி: பதினொரு வயது மகனை ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தோம். எல்லாம் சரியாகச் செய்தான். ஆனால் 'இனி வேண்டாம், பயமாக இருக்கிறது' என்கிறான். 'ஆம்பளப் பையனுக்கு என்ன பயம்' என்று கணவர் கிண்டல் செய்கிறார். பழகிவிடுமா?
(வாசகி, சேலம்)

பதில்: கிண்டல் செய்தால் பயம் போகாது, பயமாக இருக்கிறது என்று சொல்வதுதான் நிற்கும். பிறகு அவன் தனியாக இருக்கும்போது என்ன நடந்தாலும் உங்களுக்குத் தெரியாது. இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். இரண்டு மாதம் கழித்துப் பதினைந்து நிமிடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம்.

எதற்குப் பயம் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது குறிப்பான ஒன்றாக இருக்கும்: தண்ணீர் மோட்டார் சத்தம், பூட்டியிருக்கும் பின் அறை, கரண்ட் போவது. கரண்ட் போவதற்கு மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் வைத்துவிட்டுப் போகாதீர்கள். சார்ஜ் லைட் ஒன்றை அவன் கை போகும் இடத்தில் மாட்டுங்கள், பகலிலேயே விளக்கை எல்லாம் அணைத்து எடுக்கச் சொல்லிப் பாருங்கள். பின் அறையைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் சில பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

நீங்கள் திரும்பும் நேரம்தான் பல பிள்ளைகளுக்கு உண்மையான பிரச்சினை. 'சீக்கிரம் வந்துடறேன்' என்றால் ஐந்தாவது நிமிடத்திலிருந்து வாசலைப் பார்ப்பான். சுவர்க் கடிகாரத்தைக் காட்டி 'அஞ்சரைக்கு' என்று சொல்லுங்கள், பத்து நிமிடம் தள்ளியே சொல்லுங்கள். தாமதமாகும் என்று தெரிந்தால் ஐந்தரை ஆவதற்கு முன்பே, ஐந்து இருபதுக்கு, பட்டன் போனுக்குக் கூப்பிட்டுப் புது நேரத்தைச் சொல்லிவிடுங்கள். பஸ் கிடைக்காத நாளில் யார் வந்து அவனோடு உட்காருவார் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டால் அவன் டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.